மூலக்கூறின் அருகே ஒளியைக் குவிக்கும் பரப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிச் சில்லின் மேல் வெள்ளி, தங்கம் அல்லது சிலிக்கனைக் கொண்டு நூறு நானோமீட்டர் அளவில் மேடுபள்ளங்கள் அமைத்தால், அதில் ஒட்டியிருக்கும் மூலக்கூறுகள் ஒளிக்குக் காட்டும் எதிர்வினை ஆயிரம் மடங்கு, லட்சம் மடங்கு, சில இடங்களில் கோடி மடங்குகூட உயர்கிறது. இது எப்படி நடக்கிறது, எங்கே பயன்படுகிறது, எங்கே மிகைப்படுத்தப்படுகிறது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். இயற்பியல், வேதியியல் படிக்கும் கல்லூரி மாணவர்களையும், ஆர்வமுள்ள பொது வாசகர்களையும் மனத்தில் வைத்து எழுதியது. மூலக்கூறில் பட்ட ஒளியின் சிறு பங்கு நிறம் மாறிச் சிதறும் ராமன் சிதறலையே முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டிருக்கிறேன். இந்தப் பரப்புகளின் பலனும் குறையும் அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகின்றன.

ஒளி எல்லாப் பொருள்மீதும் படத்தானே செய்கிறது? அந்த ஊடாட்டத்தை எதற்குத் தனியாகப் பெருக்க வேண்டும்?

கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. சாதாரண மூலக்கூறின் குறுக்களவு 1 நானோமீட்டர்தான். ஒரு மீட்டர் நீள அலையில் மிதக்கும் கடுகை நினைத்துக்கொள்ளுங்கள். அலைக்கும் கடுகுக்கும் உள்ள விகிதம் அதே ஐந்நூறுக்கு ஒன்று. கடுகு இருப்பதை அலை அறியாது.

லென்ஸ் வைத்துக் குவித்தாலும் ஓர் எல்லை உண்டு. விளிம்பு விளைவு காரணமாக, ஒளியை அலைநீளத்தில் பாதிக்குக் கீழே, அதாவது சுமார் 250 நானோமீட்டருக்குக் கீழே, எந்த லென்ஸாலும் சுருக்க முடியாது. அந்தப் புள்ளியின் பரப்பு ஏறத்தாழ 60,000 சதுர நானோமீட்டர். ஒளியை நன்றாக உட்கவரும் ஒரு சாய மூலக்கூறுகூட ஒளியின் பார்வையில் 0.01 சதுர நானோமீட்டர் அளவுதான். அதாவது அந்தப் புள்ளிக்குள் வரும் ஃபோட்டான்களில் சுமார் 60 லட்சத்தில் ஒன்றுதான் அந்த மூலக்கூறில் சிக்குகிறது. மற்றவை எதுவும் நடக்காதது போலக் கடந்துபோகின்றன.

நானோ பரப்புகளின் வேலை இந்த அளவு இடைவெளியைக் குறைப்பது. லென்ஸால் முடியாத அளவுக்குச் சிறிய இடத்தில், மூலக்கூறு இருக்கும் அதே இடத்தில், ஒளியின் மின்புலத்தைக் குவிக்கின்றன.

ராமன் சிதறல் ஏன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு?

ஒளிக்கும் மூலக்கூறுக்கும் இடையிலான மிகப் பலவீனமான ஊடாட்டங்களில் அதுவும் ஒன்று என்பதால்.

திருச்சிராப்பள்ளியில் 1888இல் பிறந்த சி. வி. ராமனும், வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பிப்ரவரியில் கொல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இதைக் கண்டறிந்தார்கள். திரவத்தில் சிதறும் ஒளியின் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வெளிவருகிறது. அந்த மாற்றம் மூலக்கூறின் அதிர்வுகளைச் சொல்கிறது. சூரிய ஒளியைத் தொலைநோக்கி லென்ஸால் குவித்து, ஒன்றையொன்று மறைக்கும் இரு வடிகட்டிகளை வைத்து, வெறும் கண்ணாலேயே முதலில் பார்த்தார்கள். அந்த ஆண்டு மார்ச்சில் வெளியான முதல் குறிப்பிலேயே சுமார் 60 திரவங்களை ஆராய்ந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தச் சிதறல் எவ்வளவு அரிது என்று தெரிந்துகொண்டால் அவர்களுடைய பொறுமை புரியும். சாயத்தின் உட்கவர்தலோடு ஒப்பிட்டால், சாதாரண மூலக்கூறின் ராமன் சிதறல் சுமார் 10¹⁴ மடங்கு பலவீனமானது. 60 லட்சத்தில் ஒன்று என்றோமே, அதை மேலும் நூறு லட்சம் கோடியால் வகுக்க வேண்டும். அதனால்தான் ராமன் ஆய்வு நெடுங்காலம் தூய திரவங்களோடும் பெரிய படிகங்களோடும் நின்றது. ஆனால் அது தரும் தகவல் ஒப்பற்றது: ஒவ்வொரு மூலக்கூறுக்கும் கைரேகை போன்ற தனிக் கோடுகள். இவ்வளவு நல்ல தகவல் இவ்வளவு மெல்லிய குரலில் வருகிறதே என்ற ஆதங்கம்தான் இந்தத் துறையை இயக்கியது என்று நினைக்கிறேன்.

அந்தக் குரலைப் பெருக்கலாம் என்று எப்படித் தெரிந்தது?

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் 1974இல் மார்ட்டின் ஃபிளைஷ்மான், பேட்ரிக் ஹெண்ட்ரா, ஜேம்ஸ் மெக்குவில்லன் மூவரும் வெள்ளி மின்முனை ஒன்றின் மேல் ஒட்டிய பிரிடின் மூலக்கூறுகளின் ராமன் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். பரப்பில் ஒட்டியிருக்கும் ஒற்றை அடுக்கு மூலக்கூறுகள் போதிய குறி தராது என்பதால், மின்னோட்டத்தை முன்னும் பின்னும் மாற்றி வெள்ளியைச் சொரசொரப்பாக்கினார்கள். பரப்பு கூடினால் ஒட்டும் மூலக்கூறுகளும் கூடும், குறியும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. குறி நன்றாகவே வந்தது.

ஆனால் மிகவும் அதிகமாக வந்தது. 1977இல் அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஜீன்மேரும் ரிச்சர்ட் வான் டைனும், இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்பிரெக்ட், கிரைட்டன் இருவரும் தனித்தனியாக இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கூடுதல் பரப்பால் மட்டும் விளக்க முடியாதபடி குறி லட்சம் மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. மூலக்கூறுகள் கூடவில்லை, ஒவ்வொரு மூலக்கூறும் கூடுதலாகச் சிதறடிக்கிறது என்று தெரிந்தது. அடுத்த ஆண்டே மார்ட்டின் மாஸ்கோவிட்ஸ், உலோகத்தில் எலக்ட்ரான்கள் கூட்டாக அதிர்வதே காரணம் என்று முன்மொழிந்தார். இந்த விளைவை இன்று எல்லா ஆய்வகங்களிலும் சுருக்கமாக ‘செர்ஸ்’ என்கிறார்கள்: பரப்பால் பெருக்கப்பட்ட ராமன் சிதறல்.

வேறொரு நோக்கத்தில் செய்த ஏற்பாடு, அறிந்திராத ஒன்றைச் செய்துகாட்டியது. அந்தக் கூடுதல் குறியைச் சும்மா விடாமல் எண்ணிப் பார்த்தவர்கள்தான் துறையைத் தொடங்கிவைத்தார்கள்.

வெள்ளிப் பரப்பு உண்மையில் என்ன செய்கிறது?

உலோகத்துக்குள் சில எலக்ட்ரான்கள் கட்டற்று உலவுகின்றன. ஒரு வெள்ளித் துகள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியதாக இருந்தால், ஒளியின் மின்புலம் அந்த எலக்ட்ரான் கூட்டத்தை மொத்தமாக ஒரு பக்கம் தள்ளுகிறது. பின்னால் விடப்பட்ட நேர்மின் கருக்கள் அதைத் திரும்ப இழுக்கின்றன. இந்த முன்பின் அசைவுக்குச் சொந்த அதிர்வெண் ஒன்று உண்டு. ஒளியின் அதிர்வெண் அதோடு பொருந்தினால் ஒத்ததிர்வு. இதைத்தான் பிளாஸ்மான் ஒத்ததிர்வு என்கிறோம். சிறு தங்க உருண்டைகளுக்கு நீரில் இது 520 நானோமீட்டருக்கு அருகிலும், வெள்ளிக்கு 400க்கு அருகிலும் நிகழ்கிறது. வடிவத்தை நீட்டினால், இரண்டைப் பக்கத்தில் வைத்தால், சுற்றியுள்ள திரவத்தை மாற்றினால் அந்த எண் நகரும்.

ஒத்ததிர்வின்போது துகளின் விளிம்பில், அதுவும் முனைகளில், மின்புலம் வந்த ஒளியின் புலத்தைவிடப் பல மடங்கு உயர்கிறது. பரப்பிலிருந்து சில நானோமீட்டர் விலகினாலே விழுந்துவிடுகிறது. மூலக்கூறு அந்த மெல்லிய மண்டலத்துக்குள் இருக்க வேண்டும்.

ராமன் சிதறலுக்கு இதில் இரட்டை ஆதாயம். உள்ளே வரும் ஒளியின் புலம் 30 மடங்கு பெருகினால் செறிவு 900 மடங்கு ஆகிறது. மூலக்கூறு சிதறடிக்கும் ஒளியும் ஏறக்குறைய அதே அலைநீளம்தான். அதையும் அதே துகள் ஆண்டெனா போல நின்று வெளியே அனுப்புகிறது, இன்னொரு 900 மடங்கு. பெருக்கினால் 8,10,000. புலத்தின் நான்காம் அடுக்கு என்று பாடங்களில் வருவது இதுதான். 100 மடங்கு புலம் கிடைத்தால் 10 கோடி. ஊடாட்டம் மிகவும் பலவீனமான ராமன் சிதறலுக்கே இந்தப் பரப்புகள் மிக அதிகமாக உதவுவதற்கு இந்த நான்காம் அடுக்குதான் காரணம்.

இதற்கு மேல் ‘வேதிப் பெருக்கம்’ என்று ஒன்றும் உண்டு. மூலக்கூறுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்னேற்றம் பரிமாறப்படுவதால் வருவது. பொதுவாகப் பத்து முதல் நூறு மடங்கு. மூலக்கூறுக்கு மூலக்கூறு மாறும்.

இல்லாத ஆற்றல் எங்கிருந்து வருகிறது? இது ஆற்றல் அழியா விதியை மீறவில்லையா?

மீறவில்லை. பரப்பு ஒளியை உண்டாக்குவதில்லை. வேறிடத்தில் போயிருக்கும் ஒளியை ஓரிடத்துக்கு இழுக்கிறது. ஒத்ததிர்வில் இருக்கும் துகள், தன் உடலளவைவிடப் பெரிய பரப்பிலிருந்து ஒளியைச் சேகரிக்கும். பக்கத்தில் கடந்துபோயிருக்க வேண்டிய ஃபோட்டான்களும் அதில் சிக்குகின்றன. மொத்தக் கணக்கை எடுத்தால், வெளியே வரும் ஆற்றல் உள்ளே போனதைவிடக் குறைவுதான்; ஒரு பங்கு உலோகத்தில் வெப்பமாகிவிடுகிறது. அந்த வெப்பத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஏன் எப்போதும் வெள்ளியும் தங்கமுமே? செம்பும் அலுமினியமும் மலிவாயிற்றே?

கண்ணுக்குத் தெரியும் ஒளியில் எலக்ட்ரான் அதிர்வைக் குறைவாக வீணாக்குவது வெள்ளி. அதனால் பெருக்கம் அதிகம். ஆனால் காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அதைக் கறுக்க வைத்துவிடும்; நம் வீட்டு வெள்ளிக் குத்துவிளக்குக்கு ஆவதுதான் இதற்கும் ஆகிறது, சில நானோமீட்டர் கறுப்பே இங்கே போதும் கெடுப்பதற்கு. தங்கம் கெடாது, ஆனால் பச்சை, நீல ஒளியைத் தானே விழுங்கிவிடும். சிவப்பு, அகச்சிவப்பு லேசரோடுதான் தங்கம் நன்றாக வேலை செய்கிறது. செம்பும் சிவப்புப் பக்கம் பயன்படும், ஆனால் விரைவில் ஆக்சைடு ஏறும். புறஊதாவுக்கு அலுமினியம். விலை இங்கே பெரிய தடையல்ல. ஒரு சில்லுக்குத் தேவைப்படும் தங்கத்தின் தடிமன் சில பத்து நானோமீட்டர்தான்.

‘ஹாட் ஸ்பாட்’ என்று எல்லாக் கட்டுரைகளிலும் வருகிறதே, அது என்ன?

இரண்டு துகள்கள் ஒன்றையொன்று தொடுவதற்குச் சற்று முன்னால், இடையில் 1 அல்லது 2 நானோமீட்டர் இடுக்கு விட்டு நிற்கும்போது, எதிரெதிர் மின்னேற்றங்கள் அந்த இடுக்கின் இருபுறமும் குவிகின்றன. தனித் துகளின் விளிம்பில் கிடைப்பதைவிட மிகப் பெரிய மின்புலம் அந்த இடுக்கில் கிடைக்கும். அதுதான் ஹாட் ஸ்பாட். செர்ஸ் பரப்பு ஒன்றை எடுத்தால், வரும் குறியின் பெரும்பங்கு இத்தகைய சில இடுக்குகளிலிருந்துதான்.

எவ்வளவு சில? 2008இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டேனா டிலாட்டின் குழு இதை நேரடியாக அளந்தது. நானோ உருண்டைகளின் மேல் வெள்ளி பூசிய பரப்பில் பென்சீன்தயால் மூலக்கூறுகளை ஒற்றை அடுக்காகப் பரப்பி, லேசர் துடிப்புகளின் வலிமையைப் படிப்படியாகக் கூட்டி, எந்தச் செறிவில் எத்தனை மூலக்கூறுகள் சிதைகின்றன என்று பார்த்தார்கள். மிகச் சூடான இடங்களில், அதாவது நூறு கோடி மடங்குக்கு மேல் பெருக்கும் இடங்களில், இருந்தவை பத்து லட்சத்தில் 63 மூலக்கூறுகள் மட்டுமே. ஆனால் மொத்தக் குறியில் 24 சதவீதம் அவற்றிலிருந்து வந்தது. மறுபுறம், லட்சம் மடங்குக்கும் கீழே பெருக்கும் மந்தமான இடங்களில் 61 சதவீத மூலக்கூறுகள் இருந்தும், அவை தந்தது 4 சதவீதமே.

இந்தத் துறையைப் பற்றி ஒரே ஒரு சோதனையை நினைவில் வைக்கச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பரப்பு முழுவதும் சமமாகப் பெருக்குகிறது என்ற எண்ணத்தை இது உடைத்துவிடுகிறது. நீங்கள் பார்க்கும் நிறமாலை ஒரு சிறுபான்மையின் குரல். லேசர் புள்ளியைச் சற்று நகர்த்தினால் வேறொரு சிறுபான்மை. ஒரே சில்லில் இரண்டு இடங்களில் எடுத்த அளவீடுகள் ஏன் பொருந்துவதில்லை என்று தவிக்கும் மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

அப்படியானால் இடுக்கை இன்னும் இன்னும் சுருக்கினால் பெருக்கம் ஏறிக்கொண்டே போகுமா?

போகாது. இடுக்கு சுமார் 0.3 நானோமீட்டருக்குக் கீழே போனால் எலக்ட்ரான்கள் குவாண்டம் முறையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஊடுருவிக் கடக்கத் தொடங்கும். எதிரெதிராகக் குவிந்த மின்னேற்றம் கசிந்துவிடும், புலம் தளரும். 2012இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜெரமி பாம்பெர்க்கின் குழு இரண்டு தங்க முனைகளை மெல்ல மெல்ல நெருக்கி இந்த எல்லையைக் காட்டியது.

“10¹⁴ மடங்கு பெருக்கம்” என்று படித்திருக்கிறேன். உண்மையா?

1997இல் ஷுமிங் நீ, ஸ்டீவன் எமரி இருவரும், தனியாக காத்ரின் நைப்பின் குழுவும், ஒரே ஒரு மூலக்கூறின் ராமன் குறியைப் பிடித்ததாக அறிவித்தார்கள். பெரும் சாதனை. அப்போது 10¹⁴ வரையிலான எண்கள் எழுதப்பட்டன. அந்த எண்கள் அப்படியே பாடநூல்களுக்கும் வந்துவிட்டன.

பின்னர் நியூசிலாந்தின் வெலிங்டனில் எரிக் லெ ரூ, பாப்லோ எட்செகொயின் குழுவினர் 2007இல் கணக்கைச் சீர்செய்தார்கள். ஒப்பிடும் மூலக்கூறின் இயல்பான ராமன் வலிமையை எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் குழப்பம் இருந்தது. பயன்படுத்திய சாயங்களோ லேசரின் நிறத்தோடு தாமே ஒத்ததிர்ந்து, பரப்பே இல்லாமலும் ஆயிரக்கணக்கான மடங்கு கூடுதலாகச் சிதறடிப்பவை. அந்தப் பங்கைப் பரப்பின் கணக்கில் எழுதக்கூடாது. அதைக் கழித்துவிட்டால், ஒற்றை மூலக்கூறைப் பார்க்க 10⁷, 10⁸ மடங்கே போதும். சிறந்த இடுக்குகளில் 10¹⁰ அளவு கிடைக்கலாம். ஒற்றை மூலக்கூறு கண்டறிதல் உண்மை. எண்தான் ஊதிப்போயிருந்தது.

ராமனுக்குச் சரி. ஒளிர்தலையும் இப்படிப் பெருக்க முடியுமா?

ஒளிர்தல் என்பது மூலக்கூறு ஒளியை உட்கவர்ந்து வேறு நிறத்தில் திரும்ப உமிழ்வது. அதையும் பெருக்க முடியும், ஆனால் எச்சரிக்கையோடு. 1946இல் எட்வர்ட் பர்செல் ஒரு சிறு குறிப்பில் சொன்னது இதன் அடிப்படை: ஓர் அணு எவ்வளவு வேகமாக ஒளியை உமிழ்கிறது என்பது அணுவின் நிலையான குணம் மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள இடத்தையும் பொறுத்தது. ஒத்ததிர்வு கூர்மையாகவும் ஒளி அடைபட்ட கனஅளவு சிறிதாகவும் இருந்தால் உமிழ்வு விரைவாகும். பர்செல் அப்போது எண்ணிப் பார்த்தது ரேடியோ அலைகளில் நடக்கும் அணுக்கரு காந்த மாற்றங்களை. இன்று அதே சூத்திரம் நானோ ஒளியியலின் முதல் பாடம்.

சிக்கல் இதுதான்: ஒளிரும் மூலக்கூறு உலோகத்துக்கு மிக அருகில், சுமார் 5 நானோமீட்டருக்குள், வந்துவிட்டால் தன் ஆற்றலை ஒளியாக வெளியிடாமல் உலோகத்திடம் வெப்பமாகக் கொடுத்துவிடும். ஒளி அணைந்துவிடும். விலகிப் போனால் புலம் போதாது. ஆகவே 10 நானோமீட்டர் அளவில் ஓர் இடைத்தூரம் வைக்க மெல்லிய சிலிக்கா படலமோ டி.என்.ஏ. இழையோ பயன்படுத்துகிறார்கள். ஸ்டான்ஃபோர்டில் 2009இல் இரண்டு தங்க முக்கோணங்களை முனைக்கு முனை வைத்து ஒரு மூலக்கூறின் ஒளிர்வை 1,340 மடங்கு கூட்டினார்கள். அந்தச் சாயம் இயல்பில் மோசமாக ஒளிர்வது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். நூற்றுக்கு நூறு ஒளிரும் சாயத்தின் ஒளிர்திறனை எந்தப் பரப்பாலும் அதற்கு மேல் ஏற்ற முடியாது.

உலோகம் வெப்பமாக்கி வீணடிக்கிறது என்றால், உலோகமில்லாமல் முடியாதா?

முடியும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் துறையின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் நகர்ந்திருக்கிறது. சிலிக்கன் போன்ற பொருளின் ஒளிவிலகல் எண் 3.5 அளவில் உயர்ந்தது. அதனால் 100, 200 நானோமீட்டர் சிலிக்கன் தூண் ஒன்றுக்குள் ஒளி சுழன்று ஒத்ததிர முடியும். குஸ்டாவ் மீ 1908இல் உருண்டைகளுக்குப் போட்ட கணக்கே இதற்கும் பொருந்தும்.

உலோகப் பிளாஸ்மான் பத்து ஃபெம்டோ வினாடி (ஒரு ஃபெம்டோ வினாடி என்பது 10⁻¹⁵ வினாடி) அளவில் அடங்கிவிடுகிறது. சிலிக்கனில் ஒளி நீண்ட நேரம் தங்கும். தூண்களை வரிசையாக அடுக்கி, அவை வெளியே அனுப்பும் அலைகள் ஒன்றையொன்று அழிக்கும்படி அமைத்தால் ஒளி வெளியேறவே வழியில்லாமல் உள்ளே அகப்பட்டுக்கொள்ளும். வெளியேறுவதற்கான ஆற்றல் இருந்தும் வெளியேறாத இப்படியொரு நிலை இருக்க முடியும் என்று ஃபான் நாய்மானும் விக்னரும் 1929இல் குவாண்டம் கணக்காகக் காட்டியிருந்தார்கள். 2013இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் துளைகள் இட்ட மெல்லிய தகட்டில் ஒளிக்கு அது நிகழ்த்திக் காட்டப்பட்டது. வடிவ ஒழுங்கைச் சற்றே குலைத்தால், அகப்பட்ட ஒளி நாம் விரும்பும் அளவுக்கு மட்டும் கசியும்.

இதன் அழகான பயன் ஒன்று 2018இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், ஹதீஜே அல்துக்கின் குழுவிடமிருந்து வந்தது. சாய்ந்து நிற்கும் நீள்வட்டச் சிலிக்கன் துண்டுகளால் பல சிறு கட்டங்கள் செய்தார்கள். ஒவ்வொரு கட்டமும் நடு அகச்சிவப்பின் சற்று வேறுபட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிரும். மேலே புரதம் ஒட்டினால், எந்தெந்தக் கட்டங்கள் மங்குகின்றன என்பதே அந்தப் புரதத்தின் உட்கவர் நிறமாலையாகிவிடுகிறது. நிறமாலைமானியின் வேலையைப் படம் பிடிக்கும் ஏற்பாடே செய்துவிடுகிறது.

ஆனால் சிலிக்கனில் புலம் பெரும்பாலும் பொருளுக்கு உள்ளேயே இருக்கும். உலோக இடுக்கின் 1 நானோமீட்டர் குவிப்பை அது தராது. ஒற்றை மூலக்கூறு வேண்டுமென்றால் உலோகம், பரந்த பரப்பில் ஒழுங்கான குறி வேண்டுமென்றால் சிலிக்கன் என்பது என் கணிப்பு.

‘வலுவான பிணைப்பு’ என்பதும் இதுதானா?

அடுத்த படி. ஒளியும் மூலக்கூறும் ஆற்றலைப் பரிமாறும் வேகம், அது வீணாகும் வேகத்தைவிடக் கூடிவிட்டால் இரண்டும் சேர்ந்த கலப்பு நிலைகள் உருவாகும். 2016இல் ரோஹித் சிக்கரட்டியும் கேம்பிரிட்ஜ் சகாக்களும் தங்கத் தளத்துக்கும் தங்கத் துகளுக்கும் இடையிலான 0.9 நானோமீட்டர் இடுக்கில் ஒற்றை மெத்திலீன் நீல மூலக்கூறை நிற்கவைத்து, அறை வெப்பநிலையிலேயே இதைக் காட்டினார்கள்.

பரப்பு மூலக்கூறை மாற்றிவிடாதா?

மாற்றும். இதைப் பலர் தாமதமாகவே உணர்கிறார்கள். குவிந்த புலமும், உலோகத்தில் உண்டாகும் வெப்பமும், ஆற்றல் மிகுந்த எலக்ட்ரான்களும் வேதிவினையைத் தூண்டும். பாரா அமினோதயோஃபீனால் என்ற மூலக்கூறின் நிறமாலையில் 1140, 1390, 1440 செ.மீ.⁻¹ (ராமன் நிற மாற்றத்தை அளக்கும் அலகு) அருகே தோன்றும் கோடுகளை வேதிப் பெருக்கத்தின் சான்றாகப் பல ஆண்டுகள் எண்ணியிருந்தார்கள். 2010 வாக்கில்தான், லேசர் ஒளியில் இரண்டு மூலக்கூறுகள் பரப்பின்மேல் இணைந்து அசோ சேர்மமாக மாறுவதும், அந்தக் கோடுகள் அந்தப் புதுச் சேர்மத்தினுடையவை என்பதும் தெளிவானது.

சாதாரண ஆய்வகத்தில் நடப்பது இன்னும் எளிமையானது: லேசர் வலிமையைக் கூட்டினால் மூலக்கூறு கருகிக் கரியாகும். 1350, 1580 செ.மீ.⁻¹ அருகே இரண்டு அகலமான மேடுகள் எழுந்தால் அது கரி. வலிமையைக் குறைத்துத் திரும்ப எடுங்கள்.

இந்தப் பரப்புகளை எப்படிச் செய்கிறார்கள்?

மிகத் துல்லியமான வழி எலக்ட்ரான் கற்றையால் வரைவது. விரும்பிய வடிவம் கிடைக்கும். ஆனால் மெதுவானது, விலை அதிகம். வான் டைன் குழுவின் வழி சிக்கனமானது: பாலிஸ்டைரீன் நானோ உருண்டைகளைத் தண்ணீரில் கலந்து தளத்தில் உலரவிட்டால் அவை தாமே தேன்கூட்டு வரிசையில் அடுக்கிக்கொள்ளும், மேலே வெள்ளியை ஆவியாக்கிப் படியவிட்டால் உருண்டைகளுக்கு இடையிலுள்ள முக்கோண இடைவெளிகளில் மட்டும் விழும். உருண்டைகளை நீக்கினால் முக்கோணங்களின் ஒழுங்கான அணிவரிசை எஞ்சும். பெரும் அளவில் செய்ய ஓர் அச்சை ஒருமுறை செதுக்கி மென்மையான பொருள்மேல் அழுத்தி எடுக்கும் நானோ அச்சு முறை உண்டு.

நடைமுறையில் எங்கே பயன்பட்டிருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த ஒன்று ஓவியக்கலை சார்ந்தது. ஓவியர் ரெனுவார் 1883இல் வரைந்த மேடம் லியோன் கிளாபிசோனின் உருவப்படம் சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் பின்னணி குளிர்ந்த மங்கல் நிறமாகத் தெரிந்தது. சட்டகத்தைக் கழற்றியபோது, ஒளி படாத ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு மிஞ்சியிருந்தது. வான் டைனும் கலைக்கூடத்தின் அறிவியலாளர் ஃபிரான்செஸ்கா கசாதியோவும் அங்கிருந்து மிகச் சிறு துணுக்கை எடுத்துச் செர்ஸ் முறையில் ஆராய்ந்து, அது காச்சினீல் பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மின் சிவப்பு என்று கண்டறிந்தார்கள். ஓவியம் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று கணினியில் மீட்டு 2014இல் காட்சிக்கு வைத்தார்கள். சாதாரண ராமன் இங்கே உதவாது: இத்தகைய சிவப்புச் சாயங்கள் பலமாக ஒளிர்ந்து ராமன் குறியை மூழ்கடித்துவிடும். வெள்ளியோ ஒளிர்வை அணைத்து ராமனைப் பெருக்குகிறது. ஒளிர்தலுக்குக் கெடுதல் என்று மேலே சொன்ன அதே குணம் இங்கே வரமாகிறது.

உணவில் பூச்சிமருந்து எச்சம் தேடுவது இன்னொன்று. சீனாவின் ஷியாமென் பல்கலைக்கழகத்தில் சோங்ச்சுன் தியன் குழுவினர் 2010இல் தங்கத் துகள்களுக்கு மிக மெல்லிய சிலிக்கா உறை போர்த்தி, அதை ஆரஞ்சுப் பழத்தோல்மேல் தூவி, பாரத்தியான் எச்சத்தை நேரடியாகக் கண்டார்கள். உறை இருப்பதால் தங்கம் பொருளைத் தொடுவதில்லை. எந்தப் பரப்பையும் ஆராயலாம்.

நீங்கள் கையில் பிடித்திருக்கக்கூடியதும் உண்டு. கர்ப்பப் பரிசோதனை அட்டைகள் பலவற்றிலும், கொரோனா காலத்தில் வந்த விரைவுப் பரிசோதனை அட்டைகளிலும் தோன்றும் செங்கோடு, தங்க நானோ துகள்களின் பிளாஸ்மான் நிறம்தான்.

வெள்ளை எல்.இ.டி. விளக்கையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். காலியம் நைட்ரைடின் ஒளிவிலகல் எண் சுமார் 2.5 என்பதால், தட்டையான பரப்பின் வழியே உள்ளே உண்டான ஒளியில் 4 சதவீதம்தான் காற்றுக்கு வெளியேறும். மற்றது உள்ளேயே எதிரொளித்துக் கிடக்கும். அடியிலுள்ள சஃபயர் தளத்தில் சிறு கூம்புகளை வரிசையாகச் செதுக்கி அந்தச் சிறையை உடைக்கிறார்கள்.

சோலார் பேனலுக்கு இது உதவுமா?

மேடுபள்ளம் உதவும், உலோகத் துகள் அவ்வளவாக உதவவில்லை. பளபளப்பான சிலிக்கன் தன்மேல் படும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை எதிரொளித்துவிடும். அதனால் காரத்தில் அரித்துச் சிறு பிரமிடுகள் உண்டாக்குகிறார்கள். இவை மைக்ரோமீட்டர் அளவு. எலி யாப்லோனோவிச் 1982இல் காட்டியபடி, பரப்பைச் சரியாகக் கலைத்துவிட்டால் சிலிக்கனுக்குள் ஒளி பயணிக்கும் தூரத்தை அதிகபட்சம் ஏறத்தாழ 50 மடங்கு நீட்டலாம். வெள்ளித் துகள்களைத் தூவினால் இன்னும் கூடும் என்று ஒரு காலத்தில் பெரிதும் எதிர்பார்க்கப்பட்டது. துகள்கள் தாமே விழுங்கும் ஒளி அந்த ஆதாயத்தைத் தின்றுவிட்டது.

செர்ஸ் சில்லு வாங்கும்போது, அல்லது ஒரு கட்டுரையைப் படிக்கும்போது, எதைப் பார்க்க வேண்டும்?

பெருக்க எண்ணைக் கடைசியில் பாருங்கள். முதலில், சில்லின் பல இடங்களில் எடுத்த குறி எவ்வளவு சிதறுகிறது என்று கொடுத்திருக்கிறார்களா? இரண்டு வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளை ஒப்பிட்டிருக்கிறார்களா? எந்த மூலக்கூறை வைத்துக் காட்டியிருக்கிறார்கள்? ரோடமின், கிரிஸ்டல் வயலெட் போன்ற சாயங்கள் எளிதாகக் குறி தருபவை. கந்தகம் கொண்ட தயால் தொகுதி உள்ள மூலக்கூறுகள் தங்கத்தில் தாமே ஓடிப்போய் ஒட்டுபவை. குளுக்கோஸ் அப்படி ஒட்டாது, குறியும் மங்கல். உங்கள் பொருள் எந்த வகை என்று கேளுங்கள். தூய தண்ணீரில் காட்டினார்களா, பாலிலும் இரத்தத்திலும் காட்டினார்களா? இரத்தத்தில் உள்ள புரதங்கள் முதலில் வந்து இடுக்குகளை அடைத்துவிடும்.

வெள்ளிச் சில்லாக இருந்தால் பொதி பிரித்த நாளையும் குறித்து வையுங்கள். நைட்ரஜனில் மூடி வைத்தது காற்றுப் பட்டதும் மங்கத் தொடங்கும்.

கல்லூரி ஆய்வகத்தில் செய்து பார்க்க முடியுமா?

முடியும். தங்க நானோ துகள்கள் செய்ய டர்க்கெவிச் 1951இல் விரிவாக ஆராய்ந்த முறை எளிது. 1 மில்லிமோலார் குளோரோஆரிக் அமிலக் கரைசல் 20 மி.லி. எடுத்துக் கலக்கியபடி கொதிக்க வையுங்கள். 1 சதவீத டிரைசோடியம் சிட்ரேட் கரைசல் 2 மி.லி. எடுத்து அதில் ஊற்றுங்கள். வெளிர் மஞ்சள் நிறம் மறைந்து, கருநீலச் சாயல் வந்து, பத்து நிமிடத்துக்குள் அடர் சிவப்பாகும். பாத்திரத்தில் அழுக்கோ பழைய உலோகப் படிவோ இருந்தால் வராது. பாத்திரத்தை இராஜ திராவகத்தால் கழுவுவது ஆசிரியரின் வேலை, புகைப்போக்கி அறைக்குள்.

அந்தச் சிவப்புக் கரைசலில் சிறிதை வேறு குழாயில் எடுத்து ஒரு சிட்டிகை சமையல் உப்பு போடுங்கள். நீலமாகும். துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டிருந்த மின்விலக்கை உப்பு குறைக்கிறது. அவை நெருங்கி, இடுக்குகள் உண்டாகி, ஒத்ததிர்வு சிவப்புப் பக்கம் நகர்கிறது. மேலே பேசிய ஹாட் ஸ்பாட்டுகள் உண்டாவதைக் கண்ணால் பார்க்கிறீர்கள்.

கையடக்க ராமன் கருவி இருந்தால் 785 நானோமீட்டர் லேசரோடு அடுத்த படிக்குப் போகலாம். இதற்குச் சிட்ரேட்டைக் குறைத்து 40 முதல் 60 நானோமீட்டர் அளவில் சற்றுப் பெரிய துகள்கள் செய்வது நல்லது. முதலில் மிக நீர்த்த கிரிஸ்டல் வயலெட்டைச் சேர்த்துக் கலக்கி, பிறகு உப்புக் கரைசலைச் சேர்க்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் சாயம் இடுக்குகளுக்குள் போகாமல் வெளியே நின்றுவிடும். உப்பு சேர்த்த சில நிமிடங்களுக்குள் அளந்துவிடுங்கள், பிறகு திரண்ட துகள்கள் அடியில் படிந்து குறி இறங்கும். ஒவ்வொரு முறையும் உப்பு சேர்த்ததிலிருந்து அளப்பது வரையிலான நேரத்தை ஒரே அளவாக வைத்துக்கொண்டால்தான் ஒரு நாள் முடிவை மறுநாள் முடிவோடு ஒப்பிட முடியும்.